கூடாரத்தைத் தின்ற பூஞ்சையும் நம் பனியனும்

போன வாரம் சென்னையிலிருந்து சித்தி பையன் போன் செய்தான். ஆன்லைனில் டி-ஷர்ட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், "180 ஜிஎஸ்எம், 100% காட்டன், பயோ வாஷ்" என்று போட்டிருந்ததாம். "அக்கா, நீ திருப்பூர்லதானே இருக்கே, பயோ வாஷ்னா என்ன? வேப்பிலை, பூந்திக்கொட்டை மாதிரி ஏதாவது போட்டுத் துவைக்கிறதா?" என்று கேட்டான். நான் சாயப்பட்டறை லேபில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். பயோ வாஷ் ஓடாத நாளே கிடையாது. ஆனாலும் போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியவில்லை, ஆரம்பித்தால் மாட்டு வயிறு, கரையான் புற்று, இரண்டாம் உலகப் போர் என்று எங்கெங்கோ போகிறது. சரி, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் துணியிலிருந்து தொடங்குகிறேன். நிட்டிங்கிலிருந்து வந்த கிரே துணியை (இன்னும் வெளுக்காத, சாயம் போடாத துணி) ஒரு மடிப்பு மடித்து, மடிப்பின் ஓரத்தை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓரம் கோடு போட்டது போல இருக்காது. பூனைக்குட்டியின் காது ஓரத்தில் இருப்பது போல மெல்லிய ரோமம் நிற்கும். பருத்தி நூல் என்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இழைகளை முறுக்கிச் செய்தது, எல்லா இழையின் நுனியும் முறுக்குக்குள் அடங்கிவிடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்த நுனிகள்தான் நாலு தடவை துவைத்ததும் ஒன்றோடொன்று சுருண்டு, அக்குள் பக்கமும் வயிற்றுப் பக்கமும் குட்டிக் குட்டி உருண்டைகளாக வருகின்றன. இங்கே அதை பில்லிங் என்பார்கள். பயோ வாஷ் என்பது அந்த நுனிகளை முன்கூட்டியே எடுத்துவிடுவது. கத்தரியும் இல்லை, நெருப்பும் இல்லை, செல்லுலேஸ் என்கிற என்சைம். பள்ளிக்கூடத்தில் நொதி என்று படித்திருப்போம், பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "பயோ ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

வேலை இப்படி நடக்கும். துணியை வெளுத்து முடித்ததும், வெளுக்கப் போட்ட பெராக்சைடு மிச்சம் இருந்தால் என்சைமைக் கெடுத்துவிடும் என்பதால் பெராக்சைடு கில்லர் போட வேண்டும் (அதுவும் ஒரு என்சைம்தான், கேட்டலேஸ்). அப்புறம் அசிட்டிக் ஆசிட் விட்டு பிஹெச்சை ஐந்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, 50–55 டிகிரியில் தண்ணீரை நிறுத்தி, துணி எடையில் அரை முதல் ஒரு சதவீதம் என்சைமை ஊற்றி, துணியைத் தண்ணீரோடு சுற்றவிடுகிற சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டுவோம். துணி ஓடி ஓடித் தன் மேலேயே உரச வேண்டும், அது முக்கியம். என்சைம் நுனியை அரித்துப் பலவீனமாக்குகிறது, உரசல்தான் அதை ஒடித்துப் போடுகிறது. முடிந்தபின் மெஷின் ஃபில்டரைக் கழற்றினால் ஊறவைத்துப் பிழிந்த அவல் போல ஈரப் பஞ்சு கைநிறைய வரும். லாட் என்றால் ஒரே தடவையில் மெஷினில் ஓட்டுகிற துணி, 300 கிலோ லாட்டில் மூன்று சதவீத எடை குறைந்தால் ஒன்பது கிலோ. அந்த ஒன்பது கிலோவும் பஞ்சாக வருவதில்லை, ஒரு பகுதி சர்க்கரையாகித் தண்ணீரில் கரைந்துபோய்விடுகிறது.

சர்க்கரையா என்றால், ஆமாம், சர்க்கரைதான். பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், செல்லுலோஸ் என்பது முழுக்க குளுக்கோஸ். செடிகளின் உடம்பிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்துக் காட்டியவர் ஆன்செல்ம் பாயன் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர், 1838-இல். நாம் காலையில் சாப்பிடுகிற இட்லியில் உள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் கோர்த்த மாலைதான். இரண்டுக்கும் வித்தியாசம் கோர்த்த விதத்தில் மட்டும். மாவுச்சத்தில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும், அதனால் மாலை சுருண்டு சுருண்டு தளர்வாகக் கிடக்கும், தண்ணீர் உள்ளே போகும், வாயில் போட்டதும் எச்சிலில் இருக்கிற அமைலேஸ் வெட்டத் தொடங்கிவிடும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒரு மணி தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் மாலை வளையாமல் நேராக நிற்கிறது, நேரான மாலைகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி, ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு, அடுக்கிய விறகுக் கட்டு போலப் படிகமாகிவிடுகின்றன. நடுவில் தண்ணீர்கூட நுழையாது. ஒரே சர்க்கரை, ஒரு பக்கம் இட்லி, இன்னொரு பக்கம் ஆயிரம் தடவை துவைத்தாலும் கரையாத வேட்டி. எம்எஸ்சி முதல் வருஷத்தில் இதைப் படித்த அன்று ஹாஸ்டல் கொடியில் காய்ந்த துணியை எல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. இன்றைக்கும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

இந்த விறகுக் கட்டைப் பிரிக்க ஒரு என்சைம் போதாது, செல்லுலேஸ் என்பது ஒரு கூட்டம். எண்டோகுளுக்கனேஸ் மாலையின் நடுவில், தளர்வாக இருக்கிற இடம் பார்த்து வெட்டும். அப்படி வெட்டியதும் புதிதாக நுனிகள் கிடைக்கும். அந்த நுனியைப் பிடிக்கிற வேலை செல்லோபயோஹைட்ரோலேஸுடையது. மூன்றாவதான பீட்டா குளுக்கோசிடேஸ், இரண்டு இரண்டாக வருகிற சர்க்கரையை ஒற்றை குளுக்கோஸாகப் பிரிக்கும். நடுவில் சொன்னேனே, செல்லோபயோஹைட்ரோலேஸ், அதன் உருவத்தைப் படத்தில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். அதன் உடம்பில் ஒரு சுரங்கம் இருக்கிறது. மாலையின் நுனி அந்தச் சுரங்கத்துக்குள் நுழையும், உள்ளே இரண்டு மணிக்கு ஒரு தடவை வெட்டு விழும், என்சைம் மாலையை விடாமல் அதன் மேலேயே ஊர்ந்து முன்னே போகும். ஊசியில் நூல் கோர்த்த மாதிரி, ஆனால் இங்கே ஊசி நூலைத் தின்றுகொண்டே நகர்கிறது. 2011-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் இது ஊர்வதை நேரடியாகவே படம் பிடித்தார்கள். வினாடிக்குச் சுமார் 7 நானோமீட்டர். ஒரு ஜோடி மணியின் நீளம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் என்பதால் வினாடிக்கு ஏழு வெட்டு என்று கணக்கு. அந்தப் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. முன்னால் போகிற மூலக்கூறு ஏதாவது மேட்டில் மாட்டி நின்றால், பின்னால் வருவதெல்லாம் வரிசையாக நின்றுவிடுகின்றன, அவிநாசி ரோட்டில் ஒரு லாரி நின்றால் ஆவது போலவே. என்சைமை அதிகம் ஊற்றினால் வேலை அதே அளவுக்கு ஏறாது என்பதை நாங்கள் பட்டறையில் கைப்பழக்கமாக அறிந்திருக்கிறோம், அதற்கு ஒரு காரணத்தைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இந்த என்சைம் நம் கைக்கு வந்த கதை போரில் தொடங்குகிறது. 1940-களில் தென் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படைக்கு ஒரு பெரிய தலைவலி: பருத்திக் கூடாரம், சீருடை, பெல்ட், பை எல்லாமே மழையிலும் புழுக்கத்திலும் மளமளவென்று மட்கிப்போயின. மட்கிய துணிகளிலிருந்து பூஞ்சைகளைச் சேகரித்து ஆராய ஒரு கூடமே வைத்தார்கள், பின்னால் அது மாசசூசெட்ஸில் உள்ள நேட்டிக்கில் நிலைகொண்டது. சாலமன் தீவுகளில் அழுகிய ஒரு கூடாரத் துணியிலிருந்து எடுத்த பச்சை நிறப் பூஞ்சைக்கு அவர்கள் கொடுத்த எண் கியூஎம்6ஏ. முதல் இரண்டு எழுத்து, படைக்குச் சாமான் சப்ளை செய்கிற குவார்ட்டர்மாஸ்டர் பிரிவைக் குறிப்பது. எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் அதன் மேல் பல வருஷம் உட்கார்ந்தார்கள். ஆரம்பத்தில் நோக்கம் எளிமையானது, துணி மட்காமல் காப்பது எப்படி. 1950-இல் ரீஸும் கூட இருந்தவர்களும் செல்லுலோஸை உடைப்பது ஒரு என்சைம் அல்ல, கட்டாகக் கிடப்பதை முதலில் ஒன்று தளர்த்திக் கொடுக்க மற்றது வெட்டுகிறது என்று கருத்துச் சொன்னார்கள். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது அதே கூடத்தில் அதே பூஞ்சை எதிர்ப்பக்கம் திரும்பியது. துணியைக் காப்பாற்றுவது போய், பழைய செய்தித்தாளைச் சர்க்கரையாக்குவது எப்படி என்று ஆராய்ந்தார்கள். அந்தப் பூஞ்சைக்கு 1977-இல் ரீஸின் பெயரையே வைத்தார்கள், டிரைக்கோடெர்மா ரீசி. ஊரில் விவசாயம் பார்ப்பவர்களுக்கு டிரைக்கோடெர்மா என்கிற பெயர் புதிதல்ல. கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்கிற டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட் எல்லா உரக்கடையிலும் கிடைக்கும். அதற்கு உறவுக்காரன்தான் இது.

எனக்கு மலைப்பாக இருப்பது இதுதான்: இன்று தொழிற்சாலைகள் வைத்திருக்கிற ரீசி வகைகள் கிட்டத்தட்ட எல்லாம் அந்த ஒரே கூடாரத் துணியிலிருந்து வந்த வாரிசுகள். புற ஊதாக் கதிரையும் ரசாயனத்தையும் கொடுத்து அதன் மரபணுக்களை மாற்றி, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ரட்-சி30 என்கிற வகையை உருவாக்கினார்கள். காட்டில் இருக்கிற பூஞ்சை, பக்கத்தில் குளுக்கோஸ் கிடந்தால் செல்லுலேஸ் செய்வதை நிறுத்திவிடும், எதற்கு வீண் வேலை என்று. ரட்-சி30-இல் அந்தத் தடை போய்விட்டது. இன்றைய தொழிற்சாலை வகைகள் ஒரு லிட்டர் திரவத்தில் 100 கிராமுக்கு மேல் புரதத்தை வெளியே கொட்டுகின்றன. 2008-இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, இவ்வளவு பெயர் வாங்கிய பூஞ்சையிடம் செல்லுலேஸ் மரபணுக்கள் மற்ற பூஞ்சைகளைவிடக் குறைவு என்று தெரியவந்தது. ஆயுதம் கொஞ்சம்தான், ஆனால் அதை மூட்டை மூட்டையாகச் செய்து தள்ளுகிறது.

சரி, துணிக்கு வருகிறேன். பயோ வாஷில் ஓட வைப்பதைவிட நிறுத்துவதுதான் வேலை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேறொரு பட்டறை. நைட் ஷிஃப்ட்டில் 300 கிலோ சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுக்குப் போகிற மெல்லிய பின்னல் துணி), 30-ஆம் நம்பர் நூல், வெள்ளையாக ஏற்றுமதிக்குப் போகிற லாட். பயோ முடிந்து 80 டிகிரிக்கு ஏற்றி பத்து நிமிஷம் ஓட்டி என்சைமைக் கொல்ல வேண்டும். கொல்வது என்பது பட்டறைப் பேச்சு. என்சைமுக்கு உயிர் கிடையாது, அது ஒரு புரதம், முட்டை வெள்ளை வெந்து கெட்டியாவது போல அதன் உருவம் குலைந்தால் வெட்டுகிற வாய் போய்விடும், அவ்வளவுதான். அன்று சரியாக அந்த நேரத்தில் பாய்லரில் கோளாறு, ஸ்டீம் இறங்கிவிட்டது. ஆபரேட்டர் பையன் நல்லவன், பொறுப்பானவன். ஈரத் துணியை மெஷினில் அப்படியே நிறுத்திப் போட்டால் மடிப்புக் கோடு விழுந்துவிடும், அது சாயத்தில் காட்டிக்கொடுக்கும் என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் ஸ்டீம் வரும்வரை துணியை ஓட்டிக்கொண்டே இருந்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல். வெதுவெதுப்பான தண்ணீர், சரியான பிஹெச், ஓயாத உரசல். என்சைமுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

காலையில் நான் போனபோது டையிங் மாஸ்டர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அறுபது வயது, கோபப்படாத மனுஷர். "பாரு அம்மிணி, பட்டாட்டம் இருக்குது," என்றார். நிஜமாகவே அப்படியொரு வழுவழுப்பை நான் அதுவரை தொட்டதில்லை. அடுத்து அவர் துணியை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, கட்டை விரலால் நடுவில் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. சத்தம்கூட வரவில்லை, வேகவைத்த பூசணித் தோலில் விரல் இறங்குவது போல இறங்கியது. எடை போட்டுப் பார்த்ததில் ஒன்பது சதவீதம் குறைந்திருந்தது. மூன்றிலிருந்து ஐந்து வரைதான் விடலாம்.

"ஸ்டீம் இல்லைனா என்ன பண்ணணும்னு கார்டுல எழுதியிருக்கலாம்ங்களே மாஸ்டர்," என்று நான்தான் சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் அந்த லாட்டின் செய்முறைக் கார்டு எழுதியது நான் என்பது உறைத்தது. சோடா ஆஷ் இரண்டு வாளி கரைத்து ஊற்றி பிஹெச்சைப் பத்துக்கு மேலே தூக்கியிருந்தால், ஸ்டீமே இல்லாமல் வெட்டு நின்றிருக்கும். இந்த ஒரு வரி லாட் கார்டில் இல்லை. கூடாரத்துக்கு சாலமன் தீவில் நடந்தது 300 கிலோ ஜெர்சிக்கு ஒரே ராத்திரியில் நடந்துவிட்டது. ஆபரேட்டர் பையனுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், அது நியாயம் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். நான் போன இடத்திலெல்லாம் முதல் வேலையாக அந்த வரியைக் கார்டில் சேர்க்கிறேன், எழுதினால் மட்டும் போதாது என்று புதிதாக வருகிற பையன்களுக்கு ஒரு துண்டுத் துணியை மூன்று மணி நேரம் என்சைமில் சுற்றவிட்டு, அவர்கள் விரலாலேயே அழுத்தச் சொல்கிறேன்.

ஜீன்ஸ் விஷயம் பலருக்குத் தெரிந்திருக்கும். இண்டிகோ நீலம் நூலின் மேல்தோலில் மட்டும்தான் பிடிக்கும், உள்ளே வெள்ளையாகவே இருக்கும். அதைப் பழசாகக் காட்ட முதலில் பியூமிஸ் கல்லை மெஷினில் போட்டு உருட்டினார்கள், அதுதான் ஸ்டோன் வாஷ். கல் துணியைக் கிழிக்கும், மெஷினைத் தேய்க்கும், பாக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும், தூளாகிச் சாக்கடையை அடைக்கும். 1980-களின் கடைசியில் கல்லுக்குப் பதில் செல்லுலேஸ் வந்தது. மேல் இழையை என்சைம் அரிக்கும்போது அதோடு நீலமும் உதிர்ந்துவிடுகிறது. ரீசியின் அமில வகை என்சைமில் உதிர்ந்த நீலம் திரும்பவும் வெள்ளை நூலில் போய் ஒட்டிக்கொள்ளும் தொந்தரவு உண்டு, ஹியூமிகோலா என்கிற பூஞ்சையின் நடுநிலை வகையில் அது குறைவு, வேகமும் குறைவு. பனியன் துணியிலும் நடுநிலை வகைக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது, சாயத் தண்ணீரிலேயே சேர்த்து ஓட்டி ஒரு தடவை மெஷினில் பிடிக்கிற தண்ணீரை மிச்சப்படுத்தலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் நொய்யல் ஆற்றில் விடக்கூடாது என்று சுத்திகரிப்பு நிலையம் கட்டி ஓட்டுகிற எங்களுக்கு, ஒரு தண்ணீர் மிச்சம் என்றால் அது சும்மா இல்லை.

துணி துவைக்கிற பவுடரிலும் இது இருக்கிறது. 1987-இல் ஜப்பானில் காவோ கம்பெனி அட்டாக் என்கிற பவுடரை விட்டபோது அதில் காரத்திலும் வேலை செய்கிற ஒரு பாக்டீரியா செல்லுலேஸைச் சேர்த்தது. பழைய காகிதத்திலிருந்து மையைக் கழற்ற, காகிதக் கூழை அரைக்கிற கரண்ட் செலவைக் குறைக்க, பழச்சாறு தெளிய, கோழித் தீவனத்தில் தானியத்தின் நார்ப்பகுதியைத் தளர்த்த என்று இன்னும் பல வேலை. அதெல்லாம் நான் கையால் செய்ததில்லை, அதனால் நீட்டவில்லை.

ஆனால் வைக்கோலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. துணியில் எங்களுக்கு நிறுத்துவது கஷ்டம் என்றால், வைக்கோலில் ஓட வைப்பது கஷ்டம். செல்லுலோஸைச் சர்க்கரையாக்கி, சர்க்கரையை நொதிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம் என்பது கேட்க சுலபமாக இருக்கிறது. பருத்திபோல வைக்கோலில் செல்லுலோஸ் தனியாகக் கிடைப்பதில்லை, ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் சுற்றிப் பூசி வைத்திருக்கின்றன. லிக்னின் என்பது மரத்துக்கு உறுதி தருகிற பசை. அது வழியை மறிப்பதோடு, ஊற்றுகிற என்சைமையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு வீணாக்கும். எனவே முதலில் ஆவி, அழுத்தம், அமிலம் என்று ஏதாவது ஒன்றால் வைக்கோலைப் பிளக்க வேண்டும். பிறகும் மாவுச்சத்துக்கு ஊற்றுகிற என்சைமைப் போலப் பல மடங்கு ஊற்ற வேண்டும். இப்படி எத்தனால் எடுக்க அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டனில் 2014-இல் திறந்த ஆலையின் கம்பெனி 2016-இல் திவாலானது. அயோவாவின் நெவாடா என்கிற ஊரில் டூபாண்ட் 2015-இல் திறந்ததை 2017-இலேயே விற்கப் போவதாக அறிவித்தது. ருமேனியாவில் கிளாரியன்ட் கட்டிய ஆலையும் 2023-இல் மூடும் முடிவுக்கு வந்தது. நம் நாட்டில் ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 900 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய ஆலையை 2022 ஆகஸ்ட் 10-இல் திறந்தார்கள். வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கிற வைக்கோலின் புகையை நினைத்தால், அங்கே இது ஓட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். என்சைம் விலை மட்டும் குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வைக்கோலை ஈரமில்லாமல், மண்ணில்லாமல் சேர்த்து, வருஷம் முழுக்கப் போர் போட்டு வைத்து, கல்லும் மணலும் மெஷினைத் தேய்க்காமல் உள்ளே தள்ளுவதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. அந்தப் பாடு எந்த லேபிலும் தெரியாது.

மாடு இதைச் செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது, ஆனால் மாடு செய்வதில்லை. அதன் முதல் வயிறான ரூமெனில் இருக்கிற பாக்டீரியாவும் பூஞ்சையும் செய்கின்றன. மாட்டின் பங்கு என்னவென்றால் அசைபோட்டு அசைபோட்டு வைக்கோலை நைய அரைப்பது, 39 டிகிரியில் சூடாக வைத்திருப்பது, அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் உள்ளே வைத்திருப்பது. சில பாக்டீரியாக்கள் என்சைம்களைத் தனித்தனியாக விடாமல், ஒரே புரதத் தண்டில் வரிசையாகக் கோர்த்துத் தங்கள் உடம்பின்மேலேயே மாட்டி வைத்திருக்கும், செல்லுலோசோம் என்று அதற்குப் பெயர், 1983-இல் கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்கிற பாக்டீரியாவில் கண்டுபிடித்தது. கிடைக்கிற சர்க்கரையையும் நுண்ணுயிர்கள்தான் தின்கின்றன, அவை வெளியே விடுகிற கொழுப்பு அமிலங்களில்தான் மாடு பிழைக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் லிக்னின் போர்த்திய பகுதி தப்பித்து வெளியே வந்துவிடும். அந்த நார் மிச்சம் இருப்பதால்தான் சாணியை வறட்டி தட்டினால் அப்படி நின்று எரிகிறது.

கரையான் இன்னும் ஒரு படி மேலே. நம் ஊர்ப் புற்றுக் கரையான்கள் பலவும் புற்றுக்குள் தோட்டம் போடுகின்றன. சருகையும் மரத்தூளையும் மென்று தின்று கழித்து, அதைத் தேன்கூடு போலக் கட்டி, அதன்மேல் டெர்மிட்டோமைசிஸ் என்கிற பூஞ்சையை வளர்த்து, அது பதப்படுத்திக் கொடுத்ததைத் தின்கின்றன. மழை பெய்து இடி இடித்த மறுநாள் புற்றில் முளைக்கிற காளானைத் தேடி நாங்கள் சின்ன வயதில் விடியற்காலையில் ஓடுவோமே, அந்தப் புற்றுக் காளான் அந்தத் தோட்டத்தின் பூ.

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு நான் புற்று மண்ணைத்தான் எடுத்தேன். சிஎம்சி (தண்ணீரில் கரைகிறபடி மாற்றிய செல்லுலோஸ்) கலந்த அகார் தட்டில் அந்த மண்ணில் வளர்ந்ததைப் பரப்பி, காங்கோ ரெட் என்கிற சாயத்தை ஊற்றி, உப்புத் தண்ணீரில் அலசினால் தட்டு முழுக்கச் சிவப்பாக இருக்கும், செல்லுலோஸை உடைத்த இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு வட்டம் விழும். ராத்திரி ஒன்பது மணிக்கு லேபில் தனியாக நின்று முதல் வட்டத்தைப் பார்த்தேன், கை நடுங்கியது. அப்புறம் ஃபில்டர் பேப்பர் சோதனை. வாட்மேன் 1 தாளை ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டினால் 50 மில்லிகிராம் இருக்கும். அதை என்சைமில் 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, டிஎன்எஸ் கரைசல் ஊற்றி ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்தால், சர்க்கரை எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு அந்தக் கரைசலின் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும். உலகம் முழுக்க செல்லுலேஸை அளக்கிற இந்த முறையை எல்லோருக்கும் பொதுவாக வரையறுத்து 1987-இல் எழுதியவர் ஐஐடி டெல்லியின் டி. கே. கோஷ். அந்தக் கட்டுரையின் நகல் ஒன்று மூலை மடங்கி, டிஎன்எஸ் கறையோடு இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

ஃபில்டர் பஞ்சு என்று சொன்னேனே, அதைக் குப்பையில் போடுவது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். சாயம் ஏறாத சுத்தமான செல்லுலோஸ், பாதி வெட்டுப்பட்டது வேறு. அம்மா ஊரில், தாராபுரம் பக்கம், கொட்டகை போட்டு சிப்பிக் காளான் வளர்க்கிறார். போன மாதம் இரண்டு கிலோ பஞ்சை நன்றாக அலசிக் காயவைத்துக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, "பட்டறைக் குப்பையை எதுக்குக் கண்ணு இங்க கொண்டுவந்தே," என்றார். கடைசியில் பாதி வைக்கோல், பாதி பஞ்சு என்று வேகவைத்து, வித்துப் போட்டு மூன்று பை கட்டினோம். பன்னிரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பஞ்சு இருந்த அடுக்கெல்லாம் பூஞ்சை நூல் பிடித்து வெள்ளை வெளேரென்று இருந்தது, வைக்கோல் அடுக்கு இன்னும் பாதியில் நின்றது. இந்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். நாலு கிலோ காயவைத்து மூட்டை கட்டியாகிவிட்டது.